முதுகைத் திட்டாதீர்கள், முதுகைப் பாருங்கள்

பெற்றோரே, ஒரு நாளைக்கு எத்தனை முறை பிள்ளையைப் பார்த்து "கூன் போடாதே, நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டுகிறோம்? சாப்பிடும்போது ஒரு தரம், வீட்டுப்பாடம் எழுதும்போது ஒரு தரம், போட்டோ எடுக்கும்போது ஒரு தரம், விருந்தாளி வந்திருந்தால் இன்னொரு தரம். பிள்ளையும் நமக்காக ஒரு நிமிடம் விறைத்து நிமிர்கிறது. நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் பழையபடி சரிகிறது. மறுபடியும் அதட்டுகிறோம். பிள்ளையின் முதுகுக்காக நாம் செய்கிற வேலை இவ்வளவுதான் என்றால், அது நியாயமா?

மதிப்பெண்ணுக்கு டியூஷன் வைக்கிறோம். பல்லுக்கு கிளிப் போடுகிறோம். கண்ணுக்குக் கண்ணாடி வாங்குகிறோம். நிறத்துக்கு கிரீம் தேடுகிறோம். உடம்பை நிறுத்தி வைத்திருக்கும் எலும்புக்கு மட்டும் திட்டைத் தவிர வேறொன்றும் தருவதில்லை. அதட்டலால் முதுகெலும்பு வளராது. பிள்ளை தவழ்ந்தும் ஓடியும் குதித்தும் தின்றும் தூங்கியும்தான் அது இருபது ஆண்டுக்கு மேல் மெல்ல மெல்ல உருவாகிறது. அதற்கு வேண்டியதையெல்லாம் நாமே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, பிள்ளையின் மேல் பழியைப் போடுகிறோம். இதைத்தான் நான் உங்களிடம் உரிமையோடு கேட்க வந்திருக்கிறேன்.

முதலில் நம் பொறுப்பில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்வோம். வளர்ந்த மனிதரின் உடம்பில் 206 எலும்புகள். அவற்றில் 80 எலும்புகள் உடம்பின் நடுக்கோட்டில் நிற்கின்றன. பள்ளிப் பாடப்புத்தகம் இவற்றை அச்சுச் சட்டகம் என்கிறது. மண்டையோட்டில் 22, இரண்டு காதுகளுக்குள்ளும் சேர்த்து 6 சின்னஞ்சிறு எலும்புகள், நாக்கின் அடியில் வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தசையில் தொங்கும் நாவடி எலும்பு 1, முதுகெலும்புத் தொடரில் 26, மார்புக்கூட்டில் 25. கையும் காலும் இந்த எண்பதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கின்றன. மூளை, தண்டுவடம், இதயம், நுரையீரல் என்று ஒரு நிமிடம் நின்றாலும் தாங்காத உறுப்புகள் எல்லாம் இவற்றுக்குள்தான் இருக்கின்றன. வளர்ந்த பிறகு நம் ரத்த அணுக்களில் பெரும்பகுதி உருவாவதும் முள்ளெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில்தான்.

முதுகெலும்பில் 26 என்றேன். உங்கள் பிள்ளையின் முதுகில் அது இன்னும் 26 ஆகவில்லை என்பது தெரியுமா? கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, அதற்குக் கீழே 5, கடைசியில் 4 என்று சுமார் 33 துண்டுகளோடு குழந்தை பிறக்கிறது. கீழே இருக்கும் ஐந்தும் ஒட்டி ஒரே திருவெலும்பாகவும், கடைசி நான்கும் ஒட்டி வால் எலும்பாகவும் ஆக வேண்டும். திருவெலும்பு முழுதாக ஒட்டி முடிக்க இருபது வயதைத் தாண்டிவிடும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு உட்காரும் பிள்ளையின் முதுகு இன்னமும் கட்டி முடிக்கப்படாத முதுகு. அந்தப் பிள்ளையை நாள் முழுக்க நாற்காலியிலேயே கட்டிப்போடுகிறோம்.

பிறக்கும்போது முதுகுக்கு ஒரே வளைவுதான். கருப்பையில் சுருண்டு கிடந்த அதே வளைவு. மூன்று, நான்கு மாதத்தில் குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்க்கும்போது கழுத்தின் வளைவு உருப்பெறுகிறது. "கழுத்து நின்னுடுச்சு" என்று பாட்டிகள் சந்தோஷப்படும் நாள் அது. பிறகு தவழ்ந்து, பிடித்து நின்று, ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்கும்போது இடுப்பின் வளைவு உருவாகிறது. இப்படி முன்னும் பின்னுமாக வளைந்த முதுகுதான் நடையின் அதிர்ச்சியைத் தாங்கித் தலையை நேராகச் சுமக்கிறது. இந்த வளைவுகளைக் குழந்தைக்கு யாரும் செய்து கொடுக்க முடியாது. தன் தலையின் பாரத்தைத் தானே தூக்கித்தான் அது பெற வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளச் சோம்பல்படுகிறோம். கையில் தூக்கியே வைத்திருக்கிறோம், இல்லையென்றால் சாய்வுத் தொட்டிலில் போட்டு எதிரே செல்போனை நிறுத்திவிடுகிறோம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. தவழ வேண்டிய வயதில் வாக்கர் வாங்கி அதில் நிற்க வைக்கிறோம். வாக்கரால் குழந்தை சீக்கிரம் நடந்துவிடாது. படிக்கட்டில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, கனடா 2004இல் வாக்கர் விற்பதையே தடை செய்தது. பிறந்தநாள் பரிசாக அதை நாம் இன்னும் வாங்கிக்கொண்டு போகிறோம். தரையில் ஒரு பாயை விரித்து விடுங்கள். குழந்தைக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

மண்டையோட்டுக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. பிரசவப் பாதையில் நெருங்கி வரவும், பிறந்த பின் வேகமாக வளரும் மூளைக்கு இடம் கொடுக்கவும் இந்த இடைவெளி வேண்டும். பின்பக்கத்துக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். முன்பக்கத்து உச்சிக்குழி மூட ஒன்றரை வயது வரைகூட ஆகலாம். தலை அழகாக வர வேண்டும் என்று குளிப்பாட்டும்போது மண்டையை உருட்டிப் பிசைவதும், உச்சிக்குழியை அழுத்துவதும் எதற்கு? வளரும் மூளைதான் மண்டைக்கு வடிவம் தருகிறது. யாருடைய கையும் தர வேண்டியதில்லை. எலும்புகள் உரிய காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டாலோ, தலை வடிவம் மிகவும் கோணலாகத் தெரிந்தாலோ காட்ட வேண்டிய இடம் குழந்தை மருத்துவர்.

உரம் விழுந்துவிட்டது என்று குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுகிறோம், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறோம். கொஞ்சுவதாக நினைத்து மேலே எறிந்து பிடிக்கிறோம். அழுகை நிற்காத நள்ளிரவில் ஆத்திரத்தில் பிடித்துக் குலுக்குகிறவர்களும் உண்டு. கைக்குழந்தைக்கு உடம்பின் நீளத்தில் கால் பங்கு தலை. அதைப் பிடித்து நிறுத்தும் கழுத்துத் தசைகளோ இன்னும் பலம் பெறாதவை. குலுக்கினால் மண்டைக்குள் மூளை ஆடி, அதைச் சுற்றியுள்ள மெல்லிய நாளங்கள் கிழிந்து ரத்தம் கசியும். வெளியே ஒரு காயமும் தெரியாது. பார்வை போகலாம், உயிரே போகலாம். அழுகை தாங்க முடியவில்லை என்றால் குழந்தையைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அது பாவமில்லை.

அதே மண்டையோட்டை பைக்கில் எப்படிக் கொண்டுபோகிறோம்? ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் பிள்ளையை நிற்க வைத்து, அப்பா தலையில் மட்டும் ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் குழந்தைக்கு அளவான ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. போலீஸ்காரர் நிறுத்தினால்தான் போட வேண்டும் என்று இதை நினைக்கிறோமா? மண்டையோட்டில் மூளையைப் பொத்தி வைத்திருக்கும் எலும்புகள் எட்டு. பள்ளிச் சிறுவனிடம் அவை பெரியவர்களுடையதைவிட மெல்லியவை. தார்ச்சாலைக்கு இது தெரியாது, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தின் முதல் எலும்பு அட்லஸ். மற்ற முள்ளெலும்புகளைப் போல அதற்கு முன்பக்கத்தில் திரண்ட உடல் கிடையாது. வளையமாக நின்று மண்டையோட்டைத் தாங்குகிறது. "ஆமாம்" என்று தலையாட்டுவது அட்லஸுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் நடக்கிறது. இரண்டாவது எலும்பிலிருந்து பல்லைப் போல ஒரு முனை மேலெழுந்து அட்லஸின் வளையத்துக்குள் நிற்கிறது. "இல்லை" என்று தலையைத் திருப்பும்போது அந்த முனையைச் சுற்றித்தான் அட்லஸ் சுழல்கிறது. கழுத்தின் மொத்தச் சுழற்சியில் ஏறக்குறைய பாதி இந்த ஒரே இடத்தில் நிகழ்கிறது. இந்தக் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. இவ்வளவு நுட்பமான இடத்தை முடிதிருத்தும் கடையில் "நெட்டி எடுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டதும் "எடுங்க" என்று விட்டுக்கொடுக்கிறோம். தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிறது. முடி வெட்டினால் போதும், கழுத்தைத் தொட வேண்டாம் என்று சொல்ல ஒரு வினாடி போதும்.

இனி முதுகு. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஒரு தட்டு. நம் ஊரில் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் சொல்வது இதைத்தான். மொத்தம் 23. வெளியே நார் வளையங்கள், உள்ளே நீர் நிறைந்த மென்மையான கரு. இந்தத் தட்டின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய் எட்டுவதில்லை. பக்கத்து எலும்பிலிருந்து சத்து ஊறித்தான் வர வேண்டும். அழுத்தும்போது பிழிந்து, விடும்போது உறிஞ்சும் பஞ்சு மாதிரி, உடம்பு அசைய அசையத்தான் இதற்குச் சோறு. பகலில் நிற்கும்போதும் உட்காரும்போதும் தட்டுகள் நீரை இழந்து மெலிகின்றன. இரவில் படுத்ததும் திரும்ப நிரப்பிக்கொள்கின்றன. காலையில் எழும்போது நாம் மாலையில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான்.

இப்போது சொல்லுங்கள், தட்டுக்கு வேண்டியது என்ன? அசைவும் தூக்கமும். நாம் தருவது என்ன? காலையில் வேன், பள்ளியில் பெஞ்ச், மாலையில் டியூஷன் பெஞ்ச், வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்து வீட்டுப்பாடம், பிறகு செல்போன், பதினொரு மணிக்குப் படுக்கை, ஐந்தரைக்கு அலாரம். இப்படி ஒரு நாளைக் கொடுத்துவிட்டு "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? விறைத்து நிமிர்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பதும் முதுகுக்கு நல்லதில்லை. எந்த நிலையில் உட்கார்ந்தாலும் அதே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் தவறு. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நட, தண்ணீர் குடி, கையை மேலே தூக்கி நெளி, மொட்டை மாடிக்குப் போய்விட்டு வா என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையால் பயன் உண்டு. திட்டினால் பிள்ளை முறைக்கும், அவ்வளவுதான்.

செல்போனையும் சொல்லத்தான் வேண்டும். வளர்ந்தவரின் தலை எடை சுமார் 5 கிலோ. நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். தலையை 60 பாகை முன்னால் கவிழ்த்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் சுமார் 27 கிலோவுக்குச் சமமாகிறது. அது கணினியில் போட்ட கணக்கு. எலும்பு அப்படியே சிதைந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் கழுத்துத் தசைகள் ஏன் வலிக்கின்றன என்பதற்கு இது போதுமான விளக்கம். போனைக் கண்மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். அதற்கு முன் சாப்பாட்டு மேசையில் நம் கையிலிருக்கும் போனைக் கீழே வையுங்கள். தலையைக் கவிழ்த்து உட்கார்வதை எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வரவில்லை.

புத்தகப் பை பற்றி உண்மையைப் பேசுவோம். பை சுமந்ததால் முதுகெலும்பு நிரந்தரமாக வளைந்துபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தைப் பரப்ப வேண்டாம். ஆனால் தோள்பட்டை வலி, களைப்பு, முன்னால் கவிழ்ந்த நடை, படியில் தடுமாற்றம் எல்லாம் உண்மை. அதற்கு மேல் ஒரு குழந்தை தினமும் மூச்சிரைக்க வகுப்பறைக்குள் நுழைவதே தவறு என்று சொல்ல எலும்பு வளைய வேண்டும் என்று காத்திருக்க வேண்டுமா? சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை உறுப்பினராக 1989இல் ஆற்றிய முதல் உரையில் அரசியலையெல்லாம் விட்டுவிட்டுக் குழந்தைகள் சுமக்கும் பையைப் பற்றிப் பேசினார். 1993இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 'சுமையின்றிக் கற்றல்' என்று அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்து புத்தகங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும் பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2020இல் மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றும் சொன்னது.

இத்தனை பேர் பேசிய பிறகும் பை ஏன் கனக்கிறது? பள்ளிக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. நம் பங்கும் இருக்கிறது. கைடு ஒன்று, அந்தக் கைடுக்கு மேல் இன்னொரு கைடு, டியூஷன் நோட்டு, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில், இரண்டடுக்கு டிபன், "எதற்கும் இருக்கட்டும்" என்று முழு நாளின் புத்தகங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. இருபத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பை இரண்டரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. இன்று இரவு எடை மெஷினில் பிள்ளையைப் பையோடு ஒரு முறையும் பையில்லாமல் ஒரு முறையும் நிறுத்திக் கழித்துப் பாருங்கள். கணக்குத் தெரிந்தவர்கள்தானே நாம்? நேர அட்டவணையைப் பார்த்து அடுக்கக் கற்றுக்கொடுங்கள். கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்கட்டும். இரண்டு பட்டைகளும் இரண்டு தோளிலும் இருக்கட்டும். பள்ளியில் சுத்தமான குடிநீர் இருந்தால் லிட்டர் பாட்டில் எதற்கு? இல்லையென்றால் பெற்றோர் கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

எலும்பு எதனால் கெட்டியாகிறது? 1892இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதிவைத்தது இன்றும் மருத்துவப் படிப்பின் அடிப்படை: எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. பாரம் இல்லையென்றால் மெலிகிறது. எடையற்ற விண்வெளியில் தங்கும் வீரர்களுக்கு முதுகெலும்பிலும் இடுப்பிலும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீத எலும்பு கரைகிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புச் சத்தில் சுமார் 90 சதவீதம் இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அறுபது வயதில் சறுக்கி விழுந்து முள்ளெலும்பு நசுங்குமா, தாங்குமா என்பதில் பெரும்பங்கு நம் வீட்டில், நம் கண் முன்னால், இந்த வயதில் தீர்மானமாகிறது.

அந்த எலும்பு சேர்வது குதிப்பதில்தான். பாண்டி, ஸ்கிப்பிங், கபடி, பச்சைக்குதிரை, மரம் ஏறுதல், தெருவில் ஓடிப்பிடித்தல். ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டால் நாம் கேட்பதில்லை. போர்ஷன் முடிகிறதே என்று உள்ளூரச் சந்தோஷப்படுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்துகிறோம். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளையின் விளையாட்டை நிறுத்துகிறோம். முதுகெலும்பு வேகமாக வளர்ந்து சுண்ணாம்புச் சத்தை அள்ளிச் சேர்க்கும் வயது அதுதான். ஒரு பெண் தன் ஆயுளுக்கும் வேண்டிய எலும்பைச் சேமிக்கும் அந்த நான்கைந்து வருடத்தில் அவளை வீட்டுக்குள் உட்கார வைப்பதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

வெயிலுக்கும் இதே கதைதான். "வெயில்ல போகாதே, கறுத்துடுவே" என்று எத்தனை வீட்டில் சொல்கிறோம்! உணவில் இருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது தோலில் வெயில் பட்டுத்தான் பெரும்பாலும் உருவாகிறது. விடிகாலை இளவெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. கண்ணாடி ஜன்னல் அதை உள்ளே விடாது. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். வெயில் கொட்டும் ஊரில் வாழ்ந்தும் நம் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். குறைபாடு முற்றினால் ரிக்கெட்ஸ். விலா எலும்பின் முனைகள் மணி கோத்தது போலப் புடைக்கும், மண்டை எலும்பு மெலியும், கால் வளையும். நிறம் கொஞ்சம் மாறினால் என்ன குடி முழுகிவிடும்?

கால்சியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 650 மில்லிகிராமும் பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 1,000 மில்லிகிராமும் தேவை என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக்கீரை, பால், தயிர், மோர், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் நல்ல வழி. விளம்பரத்தில் வரும் உயரம் கூட்டும் பவுடருக்குக் கொடுக்கும் பணத்தில் மாதம் முழுக்கக் கேழ்வரகுக் களியும் எள்ளுருண்டையும் கொடுக்கலாம்.

மார்புக்கூட்டையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகள். மேலே ஏழு ஜோடி நேராக மார்பெலும்போடு சேர்கின்றன. அடுத்த மூன்று ஜோடி மேலுள்ளவற்றின் குருத்தெலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசி இரண்டு ஜோடி முன்பக்கம் எதையும் தொடாமல் நிற்கின்றன. ஒவ்வொரு மூச்சுக்கும் இந்தக் கூடு முன்னும் பக்கவாட்டிலும் விரிகிறது. சுருண்டு மடங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது முழுதாக விரிய இடமில்லை. ஓடி விளையாடும் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பிள்ளையின் வெறும் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ஐந்து வயதுவரை நாமே குளிப்பாட்டியதால் பார்த்தோம். பிறகு? பத்து வயதுக்கு மேல் வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்-ரேயில் வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் இந்தப் பெயர். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. பையாலும் வராது, கூன் போட்டாலும் வராது, நாம் திட்டியதைக் கேட்காததாலும் வராது. வளைவு முற்றிப்போவது பெண்பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். தொடக்கத்தில் வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லாது.

கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். 1865இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த சோதனை இன்றும் நடக்கிறது. பிள்ளையை வெறும் முதுகோடு நிற்க வைத்து, கைகளைச் சேர்த்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிகிறதா? நிமிர்ந்து நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா, இடுப்பு ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறதா? பெண்பிள்ளைக்கு அம்மாவோ அத்தையோ பார்க்கட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, பத்து வயதிலிருந்து வளர்ச்சி நிற்கும் வரை. சந்தேகம் வந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. பார்த்தும் மறைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று துப்பட்டாவைப் போர்த்தி அனுப்புகிறார்கள். வளரும் வயதில், வளைவு 25 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில் இருக்கும்போது உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ் போட்டால் பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படாமலே போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை அளவான 50 பாகையை எட்டவில்லை. அணியாதவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் அப்படி. அதிக மணி நேரம் அணிந்தவர்களுக்குப் பலனும் அதிகம். வளர்ச்சி நின்ற பிறகு பிரேஸால் பயனில்லை. மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையிடமிருந்து நாம் திருடும் மாதம். அவளிடம் ஒரு குற்றமும் இல்லை. மறைத்தால் குற்றம் நம்முடையது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை முதுகு வலிக்கிறது என்றால் "படிக்காமல் இருக்கச் சாக்கு" என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் தசைவலிதான், சில நாளில் போய்விடும். ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்த வலி, வாரக்கணக்கில் போகாத வலி, காலில் பலவீனம் அல்லது மரத்துப்போதல், சிறுநீரும் மலமும் அடங்காமல் போவது, ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் முதுகுவலி, இவற்றில் எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. காலில் பலவீனமோ சிறுநீர் அடங்காமையோ என்றால் அன்றே மருத்துவமனை. காசநோய் முதுகெலும்பையும் தாக்கும். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இலேயே இதை விவரித்தார். நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தாலேயே குணமாகும். முதுகில் ஏறி மிதிப்பதும், எண்ணெய் தடவி நீவி எலும்பை இடம் சேர்ப்பதாகச் சொல்வதும் அதற்கு மருந்தில்லை.

இன்னொரு குழந்தைக்கு எண்ணம் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டுவடமாகவும் மூளையாகவும் ஆகப்போகும் நரம்புக்குழல் கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். அது மூடாமல் போனால் குழந்தையின் முதுகெலும்பு பின்பக்கம் திறந்தபடி பிறக்கும். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுத்துக்கொண்டால் இந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. மாத்திரையின் விலையும் மிகக் குறைவு. மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே தொடங்குங்கள்.

பெற்றோரே, நான் கேட்பதில் எதற்கும் பெரிய செலவில்லை. இந்த வாரம் பையை எடை போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்க்கைக் கேட்கும் முன், "பி.டி. பீரியட் ஒழுங்காக நடக்கிறதா? குடிநீர் இருக்கிறதா? மைதானம் திறந்திருக்கிறதா?" என்று எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் பள்ளி சிரித்து மழுப்பும். இருபது பேர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாலையில் ஒரு மணி நேரத்தை டியூஷனிடமிருந்து பிடுங்கித் தெருவுக்கும் மைதானத்துக்கும் கொடுங்கள். மகளுக்கும் அதே ஒரு மணி நேரம், மகனுக்குக் கொடுப்பதில் ஒரு நிமிடமும் குறையாமல். அவள் கறுத்தால் கறுக்கட்டும். ஒரு மாதம் இதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் பிள்ளை கூன் போட்டால் அப்போது திட்டுங்கள், நான் தடுக்கவில்லை. அதுவரை "நிமிர்ந்து உட்கார்" என்ற அந்த அதட்டலை நிறுத்துங்கள்.